எங்கள் இடத்துக்கு மேலே

வீடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தைக்கு முன்பல் விழுந்த படத்தைப் பார்த்தோம். அம்மா அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். பல் விழுந்ததற்கு இவ்வளவு கொண்டாட்டம் என் விஷயத்தில் நடக்கவில்லை.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். அம்மாவுக்குக் காது மந்தமான பிறகு நம் வீட்டில் போன் பேசுவது மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிட்டது. நீ அங்கே இருமினால் இங்கே தெருமுனையில் கேட்கிறது. தவிர, நான் எதையாவது சொல்லத் தொடங்கினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று பாதியிலேயே கதவைச் சாத்துகிறாய். கடிதத்தில் அது நடக்காது.

முதலில் என் வருத்தத்தைக் கொட்டிவிடுகிறேன். போன கூட்டத்தில் சிமெண்டுக்காரர் எழுந்து, "அவரோட பொண்ணே புது மண்டபம் வேணும்னு எங்கிட்ட போன்ல சொல்லிடுச்சு. வீட்டுக்குள்ளயே ஆதரவு இல்லாத மனுஷன் ஊரை எதிர்த்து நிக்கறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. "காய்ச்சலுக்கு மருந்து குடுத்தப்பக்கூடத்தான் என் பொண்ணு என் விரலைக் கடிச்சா. அதுக்காக மருந்தை நிறுத்தினேனா?" என்று கேட்டேன். சிரிப்பு என் பக்கம் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. அவரிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ.

அவரை உனக்கு மூலைக் கடையில் சிமெண்டு விற்கிறவராகத்தான் தெரியும். இப்போது வழிபாட்டு மண்டபக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். பழைய மண்டபத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஆகும் சிமெண்டு முழுவதையும் சும்மா தருகிறேன் என்று அறிவித்துவிட்டார். ஆகவே லாபத்துக்கு ஆடுகிறார் என்று சொல்லவும் வழியில்லை. அயோக்கியனை எதிர்ப்பது சுலபம். இந்த மாதிரி ஆளை எதிர்ப்பதுதான் சிரமம்.

சண்டை என்னவென்று அவர்கள் சொன்ன விதத்தில் உனக்குத் தெரியும். நான் சொல்கிற விதத்திலும் ஒருமுறை கேள். அந்த மண்டபத்தின் கூரை, வெறும் செங்கல்லை அடுக்கி அடுக்கியே வளைத்தது. உத்தரம் கிடையாது, இரும்பு கிடையாது. கும்பிட்டவர்களின் முழங்கால் பட்டுப் பட்டுத் தரைக்கல்லில் குழி விழுந்திருக்கிறது. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பது ஊரறிந்த செய்தி. ஆனாலும் அந்தக் குழிகளைப் பார்த்தால் செருப்பைக் கழற்றாமல் இருக்க முடிவதில்லை. நம்பிக்கை உள்ளவர்கள், அந்தக் கல்லைப் பெயர்த்தெறிந்துவிட்டுப் பளிங்கு போடலாம் என்கிறார்கள். இதில் யார் பக்திமான் என்று நீயே சொல்.

அவர்கள் கட்சி வேறு. நாம் புதுத் துணி உடுத்துகிறோம், புது வீடு கட்டுகிறோம், கடவுளை மட்டும் ஒழுகுகிற வீட்டில் வைத்திருக்கிறோம்; கிழிந்ததையும் உடைந்ததையும் அவருக்கு முன்னால் வைப்பது அவமரியாதை என்கிறார்கள். நான் பழைய கட்டடங்களைக் காக்கும் அலுவலகத்தில் மனுப் போட்டு இடிப்பதற்குத் தடை வாங்கியிருக்கிறேன். அந்த மனு நிற்கும்வரை ஒரு செங்கல்லை அவர்களால் தொட முடியாது. அதனால் ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. பொழுது நிம்மதியாகப் போகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மண்டபத்தில் அவரவர் குடும்பத்துக்கு என்று இடம் உண்டு என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். நம் இடம் வடக்கு வளைவுக்குக் கீழே, சுவரோரம். என் அம்மா உட்கார்ந்த இடம், இப்போது உன் அம்மா உட்காருகிற இடம். அந்த வளைவில் ஒரு விரிசல். உச்சியிலிருந்து இறங்கி, சுவரில் ஆள் உயரத்துக்கு வந்து நிற்கிறது. மண்டபத்தில் வேறெங்கும் இல்லை. ஊருக்குக் கேட்க வேண்டுமா? "கடவுள் வேலையைத் தடுத்தவன் வீட்டுத் தலைக்கு நேரா விரல் நீட்டியிருக்காரு பாரு" என்று பேசுகிறார்கள். அம்மாவின் காதில் விழவேண்டும் என்று அதை மட்டும் உரக்கப் பேசுகிறார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. இப்படிப்பட்ட விரிசல்களை எப்படிக் கண்காணிப்பது என்று நூலகத்தில் தேடிப் படித்தேன். என் கடையில் படங்களுக்குச் சட்டம் போட்டதில் மிச்சமான கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, விரிசலின் இரண்டு பக்கமும் பிடிக்கிறமாதிரி குறுக்கே ஒட்டினேன். சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடையாதவரை சுவர் அசையவில்லை என்று அர்த்தம். அது ஒட்டி வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் முழுசாக இருக்கிறது. எப்போது போய்ப் பார்த்தாலும் பளபளவென்று இருக்கிறது. கூட்டத்திலும் அதைத்தான் சொன்னேன். "அந்தக் கண்ணாடி உடையட்டும், அப்புறம் பேசுங்க. இந்தச் சுவர் உங்க பேரன் கல்யாணத்தையும் பாக்கும்" என்றேன்.

ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சில நாட்களாக அம்மா வழிபாடு முடிந்து வந்தால் தலையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. நரைதான் என்று முதலில் நினைத்தேன். தட்டிவிட்டால் கையோடு வருகிறது. சுண்ணாம்பு.

நீ போன் பேசும்போது, சுவரோரம் குளிர் அதிகம், நடுவில் உட்காரு என்று அம்மாவிடம் சொல். நான் சொல்லச் சொன்னதாக வேண்டாம்.

எல்லோருக்கும் என் ஆசி.

அப்பா


வீடு,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து மண்டபத்துக்குப் போனேன். கண் அறுவைக்குப் பிறகு இப்போதுதான் கிட்டத்துப் பார்வை தெளிந்திருக்கிறது. என் கையால் ஒட்டியதைக் கிட்டே நின்று பார்க்க ஆசையாக இருந்தது. கண்ணாடியின் மூலையில், வெட்டுகிற வைரத்தால் ஒரு கோடு கீறியிருந்தேன். கடையில் எந்தத் துண்டை வெட்டினாலும் அப்படிக் கீறுவது என் பழக்கம். தேடித் தேடிப் பார்க்கிறேன், கோட்டைக் காணோம்.

பெருக்கும் அம்மாள் வாளியோடு வந்து நின்றாள். "என்ன பெரியவரே, சுவத்துக்குப் பேன் பாக்கறீங்களா?" என்றாள். நான் வைத்த கண்ணாடி எங்கே என்றேன். "அதுவா? அது அப்பவே உடைஞ்சுபோச்சே! உடைஞ்ச பொருளைக் கடவுள் வீட்டுல விட்டுவைக்கலாமா? நம்ம வீட்டுலயே வைக்கமாட்டோம். எடுத்துப் போட்டுட்டு வேற ஒட்டிட்டேன்" என்றாள். குரலில் அவ்வளவு பெருமை. நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து நிற்கிறாள்.

ஒரு தடவைதானே என்றேன். சிரித்தாள். "அதை யாரு எண்ணினா? உடையும், மாத்துவேன். போன மழைக்கு அடிக்கடி உடைஞ்சுது. எத்தனை நாள் உள்ள வந்ததும் முதல் வேலையே அதுதான். ஒட்டற பசைகூட நானே வாங்கிட்டு வந்துடுவேன்" என்றாள். கண்ணாடிக்கு எங்கே போனாய் என்று கேட்டேன். "உங்க வீட்டுலதான். அக்காதான் குடுப்பாங்க" என்றாள்.

பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அந்தத் தூணையும் விட்டுவிட்டேன்.

கண்ணு, யோசித்துப் பார். வருடக்கணக்காகச் சுவர் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அது ஒவ்வொரு முறை சொன்னபோதும் இந்த அம்மாள் துடைத்துச் சுத்தமாக்கி வைத்திருக்கிறாள். நான் போய்ப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, நன்றாகத் துடைக்கிறாள் என்று மெச்சிவிட்டு வந்திருக்கிறேன். அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. சிமெண்டுக்காரருக்கும் இவளுக்கும் ஒரே நம்பிக்கைதான். கடவுள் முன்னால் இருப்பது முழுசாக இருக்க வேண்டும். அவர் மண்டபத்தை மாற்றப் பார்க்கிறார். இவளுக்குக் கண்ணாடிதான் கைக்கு எட்டியது.

நானே புதிதாக ஒரு துண்டு ஒட்டிவிட்டு, உடைந்தாலும் இதைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். "உடைஞ்சதைப் பாத்துட்டுச் சும்மா இருன்னா எப்படிங்க, கை துறுதுறுங்குமே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா சாதம் போட்டாள். முன்னறையில் என் வேலை மேசைக்கு அடியில் கண்ணாடித் துண்டுகள் போடுகிற மரப்பெட்டி இருக்கிறதே, அது அவள் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதிலிருந்துதான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கண்ணாடி எதற்கு என்று அவளுக்குத் தெரியுமா? நான் ஒட்டியபோது அவளிடம் விவரமாகச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம். அவள் தலையாட்டினாள். ஆனால் அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள், பாதி காதில் விழாது. உடைந்த பாத்திரத்துக்குப் பதில் வேறு பாத்திரம் கொடுப்பதுபோல் கொடுத்தாளா? அல்லது தெரிந்தே, கூட்டத்தில் நான் தலைகுனியக் கூடாது என்று கொடுத்தாளா? வாய் வரை வந்தது. கேட்கவில்லை. தெரியாது என்று சொன்னால் ஒரு பயம். தெரியும் என்றால், அதன் பிறகும் அங்கேயே போய் உட்கார்ந்தாள் என்றல்லவா ஆகும்? அது வேறு பயம்.

"ஏங்க, மோர் விட்டுக்கறீங்களா?" என்று கேட்டாள். சரி என்றேன்.

சாயங்காலம் அவள் வழக்கம்போல் மண்டபத்துக்குப் புறப்பட்டாள். நான் எதிரே இருக்கிற பூட்டு ரிப்பேர்க் கடை வாசலில் போய் நின்றுகொண்டேன். கடைக்காரர், "உள்ள போனா கடவுள் கடிச்சிடுவாரா பெரியவரே? வெளியவே நின்னு பயப்படறீங்க" என்றார். காற்று வாங்குகிறேன் என்றேன். உள்ளே எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். அந்தப் பாட்டின் சத்தத்துக்கே சுவர் தாங்குமா என்று இருந்தது. இத்தனை வருடம் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன். சத்தமாகப் பாடுகிறார்களே என்று நேற்றுத்தான் முதல்முறையாகப் பதறினேன்.

நீ எதுவும் செய்ய வேண்டாம். தெரிந்து வைத்துக்கொள், அவ்வளவுதான்.

அப்பா


வீடு,
வெள்ளிக்கிழமை

அன்பு மகளுக்கு,

நான் ஒட்டிய கண்ணாடி இரண்டு வாரம்கூடத் தாங்காமல் உடைந்துவிட்டது. நடுவில் நேராக, யாரோ அளவெடுத்து வெட்டியதுபோல்.

நீ நேற்றுப் போனில் அம்மாவிடம் குளிர், சுவர் என்று பேசியதற்கு அவள், "அவளுக்கு அங்க பனி கொட்டுது, இங்க எனக்குக் குளிருதாம்" என்று சிரித்தாள். உன்னால் பொய் சொல்ல முடியவில்லை என்பது தெரிகிறது. பழகிக்கொள்.

முதலில் நான் மனுப் போட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற அதிகாரி நல்ல பையன்தான். நாற்காலி போட்டு உட்கார வைத்தான். வளைவுக்கு அடியில் மரத்தால் முட்டுக் கொடுக்க வேண்டும், உடனே ஆள் அனுப்பு என்றேன். முட்டுக் கொடுத்தால் கட்டடத்தின் மூலத் தோற்றம் மாறிவிடுமாம். அதற்கு வல்லுநர் குழு வந்து பார்க்க வேண்டுமாம். மழைக்காலம் முடிந்ததும் வருவார்களாம். "தம்பி, மழை முடிஞ்சு வந்தா செங்கல்லைத்தான் படம் எடுப்பீங்க" என்றேன். அதற்கு அவன், "அதுவரைக்கும் உள்ள யாரும் போகாம பூட்டிடுங்களேன் ஐயா. ஆள் நடமாட்டம் இல்லேன்னா கட்டடத்துக்கும் நல்லதுதானே" என்றான்.

மனிதர்கள் போகாமல் இருந்தால் கட்டடத்துக்கு நல்லது! என் பக்கத்து ஆள் பேசுகிற பேச்சு இது. கட்டி முடித்த நாளிலிருந்து வழிபாடு இல்லாமல் ஒரு பொழுதுகூடச் சாத்தியதில்லை என்று ஊர் பெருமை பேசுகிற இடத்தைப் பூட்டச் சொல்கிறான். அவனுக்குக் கட்டடம் ஒரு புகைப்படம். சட்டம் போட்டு மாட்டிவிட்டால் போதும். சட்டம் போடுகிறவன் நான், எனக்கே அது பிடிக்கவில்லை.

அங்கிருந்து நேராகச் சிமெண்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். ஆமாம், நானேதான் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார். கண்ணாடி உடைந்த விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா அங்கதானே உக்காருவாங்க?" என்பதுதான் முதலில் அவர் வாயில் வந்தது. அதற்காக அவரை இன்னும் கொஞ்சம் வெறுக்கிறேன்.

முட்டுக் கொடுங்கள் என்றேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பெரியவரே, நாலு கட்டையைக் குடுத்து நிறுத்தி வெச்சா, பாக்கறவன் என்ன சொல்லுவான்? கடவுளுக்கே ஊன்றுகோல் குடுத்திருக்கானுங்கன்னு சொல்லமாட்டானா? அதுக்கு நான் சம்மதிச்சாலும் ஜனங்க சம்மதிக்கமாட்டாங்க. நீங்க ஒரே ஒரு வரி எழுதுங்க, மனுவை வாபஸ் வாங்கறேன்னு. நாளைக்கே பக்கத்து மைதானத்துல கொட்டகை போட்டு வழிபாட்டை அங்க மாத்திடறேன். புதுசு கட்டப் போறோம்னாதான் ஜனங்க கிளம்புவாங்க. சும்மா பயந்துக்கிட்டு கிளம்புன்னா எவன் வருவான்?" என்றார்.

எலும்பு முறிந்தால் கட்டுப் போடுவார்களா, காலை வெட்டுவார்களா என்று கேட்டேன். அதற்கு அவர் ஒன்று சொன்னார். "இதைக் கட்டினவங்களும் பழசை இடிச்சுட்டுத்தானே கட்டினாங்க? அவங்க பழசை வெச்சுக்கிட்டு அழலையே. தங்களால முடிஞ்சதுல நல்லதைக் குடுத்தாங்க. நாங்களும் அதைத்தான் செய்யறோம். அவங்க சுவரை நீங்க காப்பாத்துங்க, அவங்க மனசை நாங்க காப்பாத்தறோம்" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தார், குடிக்கவில்லை. வந்துவிட்டேன்.

விஷயம் எப்படியோ பரவிவிட்டது. இன்று வடக்கு வளைவுக்குக் கீழே இருந்த மற்ற வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்துவிட்டார்கள். ஒருத்திக்கு முட்டிவலி, ஒருத்தருக்கு விசிறிக் காற்று வேண்டுமாம். உன் அம்மா மட்டும் அந்த மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று பூட்டுக்கடைக்காரர் வந்து சொன்னார்.

ராச்சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டுவிட்டேன். நீயும் நகர்ந்து உட்கார்ந்தால் என்ன என்றேன். கையில் இருந்த வேலையை நிறுத்தவில்லை அவள். "விழாதுன்னு நீங்கதானே அத்தனை பேர் நடுவுல சொன்னீங்க? அதை நம்பித்தான் உக்காந்திருக்கேன். இப்ப நான் எழுந்து போனா, பொண்டாட்டியே நம்பலைன்னு கைகொட்டிச் சிரிக்கமாட்டாங்களா? கடவுள் நம்ம வீட்டு மேல விரல் நீட்டறாருன்னு சொன்னாங்களே, அது நிசம்னு ஆயிடாதா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வந்து எல்லார் முன்னாடியும் விழும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த நிமிஷமே எழுந்திரிக்கறேன்" என்றாள்.

ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் மறுநாள் கடப்பாரை வரும். சொல்லாவிட்டால் நாளைக்கும் அவள் அங்கே உட்காருவாள். நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். அவள் பின்னால் வந்து கதவுக்குத் தாழ் போட வேண்டும் என்று காத்திருந்தாள்.

இந்த மண்டபத்தை இடிக்க நான் விட மாட்டேன். அது மட்டும் மாறாது. ஆனால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. தெருவில் எவனாவது லாரியில் ஜல்லி கொட்டினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அப்பா


வீடு,
வியாழக்கிழமை

என் அருமை மகளுக்கு,

நேற்று உனக்கு ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்து, யாரோ "நல்லா இருக்கியா" என்று கேட்டுவிட்டு வைத்தார்களே, அது நான்தான். பூட்டுக்கடைக்காரர் போனை வாங்கிப் பேசினேன். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் போட்டேன். உன் குரலைக் கேட்டதும் சொல்ல வரவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை சாயங்கால வழிபாடு. நான் வழக்கம்போல் எதிர்க் கடையில் நின்றேன். பாட்டு நடுவில் சட்டென்று நின்றது. என் வயதில் ஓடக்கூடாது என்பார்கள், ஓடினேன். செருப்போடு உள்ளே போய்விட்டேன் என்பது பாதி தூரம் போன பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் உஸ் உஸ் என்கிறார்கள். வளைவிலிருந்து ஒரு கைப்பிடி அளவுக்குச் சுண்ணாம்புக் காரை பெயர்ந்து அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது. அவள் அசையவில்லை. கண்ணை மூடியபடி உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவளைச் சுற்றி ஒரு வட்டத்துக்கு ஆளே இல்லை.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் எதற்கு வந்தேன் என்று அவளுக்குப் புரியவில்லை. கும்பிட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவள். முகம் எப்படி மலர்ந்தது என்று நான் எழுதப் போவதில்லை. சற்று நகர்ந்து, கையால் தரையைத் துடைத்து, எனக்கு இடம் விட்டாள்.

அப்போதுகூட அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிமெண்டுக்காரர் உட்பட. நான் செருப்பைக் கழற்றி வாசல் பக்கம் வைத்துவிட்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வந்துட்டாருய்யா" என்று பின்னால் யாரோ ஒருவன் சொன்னான். சொல்லிக்கொள்ளட்டும். நான் கும்பிடவில்லை. மேலேயேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து பார்த்தால் அந்த விரிசல் ஊரார் சொல்வதுபோல் விரல் மாதிரி இல்லை. விரிசல் மாதிரிதான் இருக்கிறது. அதுவே போதும் பயப்பட.

வீட்டுக்கு வந்து அவளிடம் பேசினேன். கண்ணாடியைப் பற்றி இல்லை, மண்டபத்தைப் பற்றியும் இல்லை. நம் பொண்ணு தனியாகக் குழந்தையை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறாள், நீ போய்க் கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டு வா என்றேன். உடனே முடியாது என்றாள். எதற்கு என்றேன். "நான் போயிட்டா நம்ம இடம் காலியா இருக்குமே. ஒரு குடும்பம் இருக்கறப்பவே அதோட இடம் காலியா கிடந்தா அது நல்லதில்ல" என்றாள். வாதம் செய்து பார்த்தேன். உன் அம்மாவோடு வாதம் செய்வதும் அந்தத் தரைக்கல்லோடு முட்டிக்கொள்வதும் ஒன்று. இந்த வீட்டில் பிடிவாதக்காரன் என்ற பெயர் எனக்கு எப்படி வந்தது என்றே தெரியவில்லை.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "நீங்க தினமும் போய் நம்ம இடத்துல உக்காருவீங்கன்னா நான் போறேன்" என்றாள். பகடியாகத்தான் சொன்னாள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்ற தைரியத்தில்.

ஒப்புக்கொண்டேன்.

அவளுக்கு நம்ப முடியவில்லை. சத்தியமா என்று கேட்டாள். எதன்மேல் சத்தியம் செய்வது, எனக்குத்தான் அந்த வசதி இல்லையே. உன் தலைமேல் செய்தேன். கும்பிட வேண்டாம், உட்கார்ந்தால் போதும் என்று அவளே விட்டுக்கொடுத்தாள். நேற்று முழுவதும் வீட்டில் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

ஆனால் நீ கூப்பிட்டால்தான் கிளம்புவாள். நானாக அனுப்புகிறேன் என்று சந்தேகம் வந்தால் பெட்டியை மறுபடி பரண்மேல் ஏற்றிவிடுவாள். ஆகவே, கண்ணு, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போன் செய். உடம்பு சரியில்லை என்று சொல். வேலையில் தொந்தரவு என்று சொல். குழந்தை பாட்டியைக் கேட்டு அழுகிறது என்று சொல். எதை வேண்டுமானாலும் சொல். நான் எழுதியதை மட்டும் சொல்லாதே.

நீ என்னிடம் கேட்கப் போவது தெரியும். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எல்லாம் முடிந்ததே, எதற்கு இந்தச் சுற்று என்பாய். எழுத மாட்டேன். இடிக்காமல் முட்டுக் கொடுக்கிறோம் என்று அவர்களில் யாராவது ஒருவன் சொல்லட்டும், மனுவை அன்றைக்கே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதுவரை நான் அங்கே உட்கார்ந்திருப்பதைத் தினமும் அவர்கள் பார்க்கட்டும். சிமெண்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தபடிதான் பாட வேண்டும். பார்க்கலாம், எத்தனை நாள் பாடுகிறார் என்று.

அம்மாவைப் பற்றிச் சில விஷயங்கள். படி ஏறும்போது பிடிக்கக் கம்பி வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், நீயே முன்னால் போய்க் கை கொடு. இரவு மாத்திரையைப் போட்டுவிட்டேன் என்பாள், போட்டிருக்க மாட்டாள். குளியலறை விளக்கை அணைக்காதே. காலையில் எழுந்ததும் யாராவது ஒருவர் அவளோடு ஏதாவது பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கெல்லாம் வாட்டமாக இருப்பாள். இங்கே நான் திட்டியாவது அதைச் செய்துவிடுகிறேன். அங்கே திட்டுகிறவர் கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை நல்லவிதமாகவே பேசட்டும்.

சீக்கிரம் திரும்பிப் போக வேண்டும் என்று அவசரப்படுவாள். அனுப்பாதே. நான் சொல்கிற வரை வைத்துக்கொள். நான் சொல்ல முடியாமல் போனாலும் வைத்துக்கொள்.

இன்று காலையிலிருந்து மேகம் தாழ இறங்கி நிற்கிறது. எப்போது வேண்டுமானாலும் மழை பிடிக்கும் என்கிறார்கள். தாமதிக்காதே, தாயே. அழுது கூப்பிட்டால்தான் வருவாள் என்றால் அழுதே கூப்பிடு.

நீங்கள் நால்வரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா